தக்காளி பெருத்ததும் மணம் குறைந்ததும் ஒரே கதையல்ல

பாவூர்சத்திரம் சந்தையில் இரண்டு வகைத் தக்காளியும் தனித்தனியாகக் குவிந்து கிடக்கும். ஒன்று தட்டையாக, காம்புப் பக்கம் மடிப்பு விழுந்து, விரல் பட்டாலே அமுங்கும் நாட்டுத் தக்காளி. மற்றொன்று முட்டை வடிவில், சதை தடித்து, பெட்டியில் அடுக்கிச் செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு ஏற்றினாலும் நசுங்காமல் போய்ச் சேரும் ஹைப்ரிட். ரசத்துக்கு எது வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் சமைப்பவர் யாரைக் கேட்டாலும் நாட்டுத் தக்காளியைத்தான் காட்டுவார்கள். எது கட்டுபடியாகும் என்று பயிரிடுபவரைக் கேட்டால் ஹைப்ரிட் என்பார்கள். இவ்விரண்டு பதில்களையும் சேர்த்துக் கேட்டுப் பழகியதாலோ என்னவோ, காய் பெருத்தால் ருசி போய்விடும், அது மாற்ற முடியாத விதி என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. தக்காளியின் மரபணுக்களைப் பற்றிக் கடந்த 25 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில், அந்த எண்ணத்தில் ஒரு பகுதி மட்டுமே சரி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். காய் பெருத்ததற்குக் காரணமான மரபணுக்கள் வேறு. மணம் குறைந்ததற்குக் காரணமானவை பெரும்பாலும் வேறு. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் எதைத் திரும்பப் பெற முடியும், எதைப் பெறுவது கடினம் என்று பேசவே முடியும்.

பெரு, எக்குவடோர் நாடுகளில் இன்றும் தானாக முளைத்துக் கிடக்கும் சொலானம் பிம்பினெல்லிஃபோலியம் என்ற செடிதான் நம் தக்காளியின் காட்டு மூதாதை. அதன் பழம் நம் ஊர்ச் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். எடை 1 கிராம், மிஞ்சிப் போனால் 2 கிராம். நன்கு சிவந்து, இனித்து, மணத்தோடு இருக்கும் அந்தப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே இரண்டே அறைகள் தெரியும். சுண்டை, கத்தரி, நாம் மிளகுதக்காளி என்று வற்றல் போடும் மணத்தக்காளி ஆகிய எல்லாமே சொலானம் என்ற இதே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால், தக்காளி நமக்கு நினைப்பதைவிட நெருங்கிய உறவு. தென்னமெரிக்காவிலிருந்து வடக்கே மெக்சிகோ வரை பரவிய காலத்தில் மக்கள் பெரிய பழங்களின் விதைகளையே தேர்ந்து தேர்ந்து விதைத்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றபோது தக்காளி ஏற்கெனவே பெருத்திருந்தது. இன்று கடையில் கிடைக்கும் சாதாரணத் தக்காளி, அந்தக் காட்டுப் பழத்தைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு எடை கொண்டது.

நூறு மடங்கு என்பதற்கு நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில், பெரும் பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில் நிகழ்ந்த மாற்றங்களுக்கே உரியது. அதைப் புரிந்துகொள்ளச் சந்தையில் வாங்கிய இரண்டு வகைகளிலும் ஒவ்வொன்றை எடுத்துக் குறுக்கே, அதாவது காம்புக்குச் செங்குத்தாக, வெட்டிப் பார்ப்பது நல்லது. ஹைப்ரிட் பழத்தில் தடித்த வெளிச்சதைக்குள் இரண்டோ மூன்றோ அறைகள் ஒழுங்காக இருக்கும். விதைகளைச் சூழ்ந்த கூழ் குறைவு. தட்டையான நாட்டுப் பழத்தில் அறைகள் பெரிதும் சிறிதுமாகப் பல இருக்கும். நடுவே தண்டுச் சதை கோணல்மாணலாகக் கிளைத்து நிற்கும். வெட்டிய உடனே கூழும் சாறும் பலகையில் வழியும். வெளியே தெரிந்த மடிப்புகள் ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் அறைச் சுவர்களின் தடம் என்பதும் அப்போது விளங்கும்.

பழம் பெருப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு என்பதை இந்த வெட்டுமுகமே காட்டிவிடுகிறது. அறைகளின் எண்ணிக்கை கூடுவது ஒரு வழி; அறையைச் சூழ்ந்த சதையில் உயிரணுக்கள் எண்ணிக்கையிலோ பருமனிலோ கூடுவது மற்றொரு வழி. அறைகளின் எண்ணிக்கை பூ விரிவதற்கு வெகு முன்பே, மொட்டு உருவாகும் குருத்து நுனியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பூ மலர்ந்து மகரந்தம் சேர்ந்த பிறகு ஒன்றிரண்டு வாரங்கள் சூலகத்தின் உயிரணுக்கள் வேகமாகப் பிரிகின்றன; அதன்பின் பிரிதல் ஓய்ந்து, நான்கைந்து வாரங்கள் அவை நீரும் சர்க்கரையும் ஏற்றி ஊதிப் பெருக்கின்றன. நாம் தோட்டத்தில் காய் பெருப்பதாகப் பார்ப்பது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான். எத்தனை உயிரணுக்கள் ஊதப் போகின்றன என்ற கணக்கு அதற்குள் முடிந்துபோயிருக்கும்.

முதலில் பிடிபட்டது உயிரணுக் கணக்கைச் சார்ந்த மரபணு. எஃப்.டபிள்யூ.2.2 என்ற பெயர் கொண்ட அது இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் டாங்ஸ்லியின் குழு 2000ஆம் ஆண்டில் அதைத் தனியே பிரித்தெடுத்தது. ஆன் ஃப்ரேரி அந்த ஆய்வின் முதல் ஆசிரியர். காட்டுச் செடியிலிருந்து எடுத்த வடிவத்தைப் பெரிய பழம் காய்க்கும் செடிக்குள் செலுத்தியபோது பழம் சிறுத்துப்போனது. அந்த ஓரிடத்தின் வேறுபாடு மட்டும் பழத்தின் எடையை 30 சதவீதம் வரை மாற்றக்கூடியது. எடை, உயரம், விளைச்சல் போன்று படிப்படியாக மாறும் பண்புகளுக்குக் காரணமான மரபணு ஒன்று பயிர்களில் இவ்வாறு கையில் சிக்கியது அந்தத் துறையில் ஒரு பெரிய திருப்பம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. பெரிய பழத்துக்கும் சிறிய பழத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் இல்லை. எப்போது, எவ்வளவு புரதம் உருவாக வேண்டும் என்று ஆணையிடும் முன்பகுதியில் இருந்தது. உயிரணுப் பிரிதலுக்கு அந்தப் புரதம் ஒரு தடை என்று அக்குழு விளக்கியது. பெரிய பழத்தில் தடை போடும் நேரமும் அளவும் மாறியிருக்கின்றன, தடையே அழிந்துவிடவில்லை.

அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டிய மாற்றங்களும் இதே போக்கைக் காட்டுகின்றன. குருத்து நுனியில் புதிய உயிரணுக்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும் ஒரு சிறு கூட்டம் உண்டு. அதைப் பெருக்கச் சொல்வது வுஷெல் என்ற மரபணு. பெருக்கியது போதும் என்று நிறுத்துவது கிளவேட்டா-3. இரண்டும் ஒன்றையொன்று கண்காணித்துக்கொண்டே இருப்பதால்தான் குருத்து ஒரே அளவில் நிற்கிறது. நாட்டுத் தக்காளியின் மடிப்புகளுக்குக் காரணமான மாற்றங்களில் ஒன்று, கிளவேட்டா-3க்கு முன்னால் உள்ள ஆணைப் பகுதியைத் துண்டித்துவிட்டது: குரோமோசோமின் 2,94,000 டி.என்.ஏ. எழுத்து நீளமான துண்டு ஒன்று என்றோ தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டதன் விளைவு அது. நிறுத்தச் சொல்லும் குரல் தணிந்தது, குருத்து அகன்றது, அகன்ற குருத்தில் பிறந்த பூவில் சூலறைகள் கூடின. இந்தக் காரணத்தை 2015இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் சாக்கரி லிப்மனின் குழு உறுதி செய்தது. மற்றொரு மாற்றம் வுஷெலின் அருகே வெறும் இரண்டு எழுத்துகளில் நிகழ்ந்தது. அது பெருக்கச் சொல்லும் குரலைச் சற்று உயர்த்தியது. இரண்டும் ஒரே செடியில் சேரும்போது அறைகள் மிகவும் அதிகமாகின்றன. உயிரணுக்களின் பருமனைக் கூட்டும் மரபணு ஒன்று பதினோராம் குரோமோசோமிலும், அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டும் மற்றொன்று மூன்றாம் குரோமோசோமிலும் பின்னர் கண்டறியப்பட்டன. அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது, இந்த மாற்றங்கள் எவையும் நேரடியாகச் சர்க்கரையையோ மணத்தையோ தொடவில்லை என்பதுதான். அப்படியானால் ருசி எங்கே போயிற்று?

தக்காளியின் ருசி என்று நாம் சொல்வதில் நாக்குக்கு ஒரு பங்கும் மூக்குக்கு ஒரு பங்கும் உண்டு. நாக்குக்குத் தெரிவன குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ஆகிய சர்க்கரைகள், சிட்ரிக், மாலிக் ஆகிய புளிப்பு அமிலங்கள், ரசத்துக்கும் குழம்புக்கும் ஆழம் தரும் குளுட்டமேட். இந்தக் குளுட்டமேட் வெளிச்சதையைவிட விதையைச் சூழ்ந்த கூழில்தான் அதிகம். ஆகையால் கூழ் நிறைந்த பல அறைப் பழம் ரசத்துக்கு ஏற்றது என்று நம் வீடுகளில் கண்டுவைத்திருப்பது ருசி பார்த்தே அறிந்த உண்மை. மூக்குக்கு எட்டுவன ஆவியாகிப் பரவும் மணச்சேர்மங்கள். பழத்தில் 400க்கும் மேற்பட்டவை இருந்தாலும், நாம் தக்காளி என்று உணர்வதற்கு 20 முதல் 30 வரையிலானவையே காரணம். அவை மூன்று வழிகளில் பிறக்கின்றன. கொழுப்பு அமிலங்கள் உடைந்து பிறப்பவை பச்சை வாசம் தருகின்றன. ரசத்துக்குத் தக்காளியைக் கையால் கரைக்கும்போது சட்டென்று எழும் வாசம் இதுதான், ஏனென்றால் உயிரணுக்கள் கிழிந்த பிறகே அவற்றை உருவாக்கும் நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. அமினோ அமிலங்களிலிருந்து பிறப்பவற்றில் ரோஜா மணம் கொண்ட ஃபினைல் எத்தனால் ஒன்று. பழத்துக்குச் சிவப்பு தரும் கரோட்டினாய்டுகள் உடைந்து பிறப்பவற்றில் பீட்டா அயனோனும் ஜெரானியலும் முக்கியமானவை. பீட்டா அயனோன் 100 கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலும் மனித மூக்குக்குத் தெரிந்துவிடும்.

இந்த மிகச் சிறிய அளவுதான் என் வாதத்துக்கு அச்சாணி. சர்க்கரை வேறு, மணம் வேறு. பழத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதி இலைகள் உழைத்து அனுப்புவது. ஒரு செடியின் இலைகள் ஒரு நாளைக்கு உற்பத்தி செய்யும் சர்க்கரைக்கு எல்லை உண்டு. அது பத்துப் பழங்களுக்குப் பங்கிடப்படுவதற்கும், முப்பது பெரிய பழங்களுக்குப் பங்கிடப்படுவதற்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்யும். இந்த இடத்தில் மட்டும், காய் பெருத்தால் ருசி குறையும் என்ற பழைய நம்பிக்கைக்கு நியாயம் உண்டு. போதாக்குறைக்கு, 1914இல் ஃபுளோரிடாவில் தற்செயலாகத் தோன்றிய ஒரு குட்டைச் செடியின் மரபணு மாற்றம் பின்னர் உலகெங்கும் வயல் தக்காளிகளில் சேர்க்கப்பட்டது. அந்த மாற்றம் பெற்ற செடி ஓரளவு வளர்ந்து நின்றுவிடும். காய்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பழுக்கும். பறிப்புக்கு அது மிக வசதி. ஆனால் ஒரு கொத்துப் பழத்துக்குச் சோறு போடும் இலைகளின் எண்ணிக்கை குறைந்துபோயிற்று.

மணச்சேர்மங்களுக்கோ இந்த நெருக்கடி இல்லை. கோடியில் ஒரு பங்கு அளவில் உள்ள ஒரு பொருளை இரண்டு மடங்காக்குவதற்குச் செடி செலவிட வேண்டியது ஏதுமில்லாததற்குச் சமம். விளைச்சல் ஒரு கிராம்கூடக் குறையாது. அதனால்தான், மணம் குறைந்ததைப் பெரிய பழத்துக்கு நாம் கொடுத்த விலை என்று ஏற்றுக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹாரி கிளீ, டெனிஸ் டீமன் ஆகியோரின் குழுவும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. 398 வகைத் தக்காளிகளின் மரபணுத் தொகுப்புகளைப் படித்து, பழங்களின் சேர்மங்களை அளந்து, அவற்றில் பல வகைகளை மக்களுக்குக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்லி மூன்றையும் ஒப்பிட்டார்கள். பழைய பரம்பரை ரகங்களோடு ஒப்பிடும்போது நவீன வணிக ரகங்களில் 13 மணச்சேர்மங்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. யாரும் திட்டமிட்டு அவற்றை நீக்கவில்லை. பயிர்ப் பெருக்கம் செய்தவர்கள் விளைச்சல், உறுதி, நோய் எதிர்ப்பு ஆகியவற்றை அளந்தார்கள், மணத்தை அளக்கவில்லை. அளக்கப்படாத பண்பின் நல்ல வடிவங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒன்றிரண்டாகத் தவறிப்போயின. சில, பெரிய பழத்துக்கான மரபணுவுக்கு அருகே இருந்த காரணத்தாலேயே அதனோடு சேர்த்து மாற்றப்பட்டிருக்கக்கூடும்.

ஆலங்குளம் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் தக்காளி போடும் என் அத்தானிடம் இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "மாப்ள, மண்டியில பழத்த அமுக்கிப் பாப்பாங்க, நெறத்தப் பாப்பாங்க, எடை போடுவாங்க. கடிச்சுப் பாத்து வெலை சொன்ன ஆள நான் இன்னும் பாக்கல" என்றார். ஆராய்ச்சிக் கட்டுரை பல பக்கங்களில் நிறுவிய காரணத்தை அவர் தம் அனுபவத்திலிருந்தே சொல்லிவிட்டார் என்று நினைத்தேன்.

பயிர்ப் பெருக்குநர்கள் கண்ணுக்கு அழகாகத் தேர்ந்த ஒரு பண்பு சர்க்கரையையும் நேரடியாகப் பாதித்ததற்கு ஒரு சான்று உண்டு. அது நம் நாட்டு ரகங்களோடும் தொடர்புடையது. சில செடிகளில் பழுக்காத காயின் காம்பைச் சுற்றிய மேல்பகுதி கரும்பச்சையாக இருக்கும். கீழே வர வர வெளிறிவிடும். இதைப் பச்சைத் தோள் என்பார்கள். பழுக்கும்போது இப்பகுதி பிந்திச் சிவப்பதால் நிறம் சீராக வராது. ஆகவே கடந்த நூற்றாண்டில் ஏறத்தாழ 70 ஆண்டுகளாக, காய் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து சீராகச் சிவக்கும் செடிகளையே தேர்ந்தார்கள். அந்தச் சீரான நிறத்துக்குக் காரணம், ஜி.எல்.கே.2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்து அதைச் செயலிழக்கச் செய்ததுதான் என்று 2012இல் தெரியவந்தது. காயில் பசுங்கணிகங்களைப் பெருக்குவதே அந்த மரபணுவின் வேலை. அது செயல்பட்டால் காயே ஓரளவு சர்க்கரை தயாரித்துக்கொள்ளும், கரோட்டினாய்டுகளும் கூடும். நிறம் சீராக வேண்டும் என்று ஆசைப்பட்டதில் காய் தானே சம்பாதித்த அந்தச் சிறு பங்கும் போயிற்று.

தமிழ்நாட்டில் பரவலாகப் பயிரிடப்படும் பி.கே.எம்.1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. அண்ணாஞ்சி என்ற உள்ளூர் வகையில் செயற்கையாகத் திடீர்மாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம். தட்டை உருண்டைப் பழம், பச்சைத் தோள் ஆகிய இரண்டும் அதன் அடையாளங்களாகவே பதிவாகியுள்ளன. அத்தான் வயலில் காய் முற்றிய ஒரு வரிசையில் குனிந்து பார்த்தபோது, காம்பைச் சுற்றி விரற்கடை அகலத்துக்குக் கரும்பச்சை வளையமாக இறங்கியிருந்தது; வெயில் நேராகப் படும் காய்களில் அது இன்னும் அடர்த்தி. அந்த நிறம், ஜி.எல்.கே.2 அங்கே உயிரோடு இயங்குகிறது என்பதற்கான அடையாளம். வியாபாரி குறையாகச் சொல்லும் அந்தத் தோளைப் பார்த்து எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி உண்டாயிற்று.

ஹைப்ரிட் என்றாலே ருசி கிடையாது என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. ஹைப்ரிட் என்பது இரண்டு தூய வழிகளைக் கலந்த முதல் தலைமுறை விதை, அவ்வளவுதான். பெற்றோர் இருவரும் மணமுள்ள வழியினர் என்றால் பிள்ளையும் மணக்கும். கிளீயின் குழு பரம்பரை ரகம் ஒன்றையும் நவீன ரகம் ஒன்றையும் கலந்து உருவாக்கிய கார்டன் ஜெம் என்ற ஹைப்ரிட், ருசியையும் விளைச்சலையும் ஒரே செடியில் வைத்துக் காட்டியது. நம் பக்கத்து விவசாயி ஹைப்ரிட்டை நாடுவதற்கும் வலுவான காரணம் இருக்கிறது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரி தாக்கினால் நாட்டுச் செடி குருத்திலேயே சுருண்டு, பூத்தும் காய்க்காமல் நின்றுவிடும். இதற்கு எதிர்ப்பாற்றல் தரும் மரபணுக்களே காட்டுத் தக்காளிகளிலிருந்து வந்தவை, டி.ஒய்.1, டி.ஒய்.3 ஆகியவை சொலானம் சிலென்சே என்ற காட்டு இனத்தின் கொடை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக், இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்கருகல் ஆகிய மூன்றையும் தாங்குவது. கடன் வாங்கி நாற்று நடுபவரிடம் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு மணத்துக்காகப் பயிரிடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மணத்தின் மரபணுக்களையும் அதே செடியில் சேர்த்துத் தாருங்கள் என்று ஆராய்ச்சி நிலையங்களிடம் கேட்பதற்கு உரிமை உண்டு.

ஹைப்ரிட்டுகளில் ருசியைக் குறைக்கும் ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ரின் என்ற மாற்றம் முழுமையாக இருந்தால் காய் பழுக்கவே பழுக்காது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் மெல்லப் பழுத்து நெடுநாள் கெடாமல் இருக்கும். தொலைதூரச் சந்தைகளுக்கென உலகெங்கும் பல ஹைப்ரிட்டுகளில் இது பயன்படுகிறது. பழுப்பதற்கான ஆணைகளின் தலைமையிடத்தையே இது தொடுவதால் நிறமும் மணமும் சேர்ந்தே மங்குகின்றன. இங்கே ருசி இழப்பு தற்செயலானதன்று. கெடாமல் இருப்பதற்காகத் தெரிந்தே கொடுக்கப்படும் விலை.

இழந்தவை எங்கேயோ இருக்கின்றன என்பதற்கு 2019இல் வந்த ஆய்வு நல்ல சான்று. அதுவரை எல்லா வகைகளையும் ஒப்பிட அடிப்படையாக இருந்தது, 2012இல் பல நாடுகள் சேர்ந்து வெளியிட்ட ஒரே ஒரு ரகத்தின் தொகுப்புதான். 12 குரோமோசோம்களில் ஐந்தாவதை வாசித்தறியும் பொறுப்பை அன்று இந்தியா ஏற்றிருந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 2019இல் 725 வகைகளின் தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்த முதல் தொகுப்பில் இல்லாத 4,873 மரபணுக்கள் கிடைத்தன. டாம்லாக்ஸ்-சி என்ற மரபணுவின் ஆணைப் பகுதிக்கு அரிய வடிவம் ஒன்று இருப்பதும், அது கொழுப்பு அமிலங்களிலிருந்தும் கரோட்டினாய்டுகளிலிருந்தும் பிறக்கும் மணங்களைப் பாதிப்பதும் தெரிந்தன. காட்டு மூதாதையில் அந்த வடிவம் 90 சதவீதத்துக்கு மேல் காணப்படுகிறது. பழைய பரம்பரை ரகங்களில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். நவீன ரகங்களில் அது மீண்டும் 7 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. காட்டினங்களிலிருந்து வேறு நல்ல பண்புகளைக் கொண்டுவந்தபோது இதுவும் உடன் வந்திருக்க வேண்டும். பழையதெல்லாம் மணக்கும், புதியதெல்லாம் மணக்காது என்ற எளிய பிரிவினையும் இந்த எண்ணிக்கைகளின் முன் நிற்காது.

இன்று நாற்றங்காலில் இரண்டு இலை விட்ட செடியிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி, வேண்டிய வடிவம் இருக்கிறதா என்று பரிசோதித்துவிட முடியும்; பழுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மரபணுத் திருத்தம் அதற்கும் அடுத்த படி. 2018இல் காட்டு மூதாதையிலேயே ஆறு இடங்களைத் திருத்தி, பழத்தின் பருமனை 3 மடங்காகவும் எண்ணிக்கையை 10 மடங்காகவும் ஒரு குழு உயர்த்தியது. பழைய ஆட்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் செய்ததை மணம் கெடாத இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் முயற்சி அது. சர்க்கரையில் நான் மேலே சொன்ன எல்லைக்கும் விதிவிலக்கு ஒன்று 2024 நவம்பரில் வெளிவந்தது: சர்க்கரை சேர்வதற்குத் தடைபோடும் சி.டி.பி.கே.27, அதன் உறவான சி.டி.பி.கே.26 ஆகிய இரண்டு மரபணுக்களைச் செயலிழக்கச் செய்தபோது, எடையும் விளைச்சலும் குறையாமலே குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் 30 சதவீதம் வரை உயர்ந்தன. அயல் மரபணு சேர்க்காத இத்தகைய திருத்தங்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து இந்திய அரசு 2022இல் விலக்கு அளித்தது. பெரியகுளம் கல்லூரியும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் இதை நம் ரகங்களில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

மரபணு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கெடுத்துவிடுவதற்கு நமக்கு வழிகள் இருக்கின்றன. தொலைவுக்கு அனுப்பச் செங்காயாகப் பறிக்கும்போது சேர வேண்டிய சர்க்கரை செடியிலேயே நின்றுவிடுகிறது. சித்திரை வெயிலில் 30 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் சிவப்பு நிறமி உருவாவது தடைப்பட்டு, பழம் மஞ்சள் கலந்தே நிற்கும்; நிறமியிலிருந்து பிறக்க வேண்டிய மணமும் அதற்கேற்பக் குறையும். பழுத்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் மணச்சேர்மங்களை உருவாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன. 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்த பழம் வெளியே எடுத்த பிறகும் முழு மணத்துக்குத் திரும்புவதில்லை என்பது 2016இல் நிறுவப்பட்டது. சர்க்கரையும் அமிலமும் அப்படியே இருப்பதால் நாக்குக்கு வேறுபாடு தெரியாது. ரசம் கொதிக்கும்போதுதான் தெரியும்.

வீட்டுத் தோட்டத்தில் நாட்டு ரகம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சி காலத்தில் கூடையில் பெரிய பழமாகப் பார்த்து எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பார்கள். பழத்தை வைத்துத் தேர்வதைவிடச் செடியை வைத்துத் தேர்வதே சரி. ஒரே செடியின் எல்லாப் பழங்களின் சதையிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. ஒரு பழம் பெரிதாக இருப்பது அந்தக் கொத்தில் காய் குறைவாகப் பிடித்ததால்கூட இருக்கலாம். ஆகவே நோய் அண்டாத செடிகளை முதலில் குச்சி நட்டு அடையாளம் செய்துகொண்டு, ஒவ்வொன்றிலும் செடியிலேயே பழுத்த பல பழங்களைக் கடித்துப் பார்த்து, தொடர்ந்து நன்றாக இருந்த செடியின் விதையை மட்டும் தனியே எடுக்க வேண்டும். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்பதால், பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் கலப்பு குறைவு. கூழோடு விதையை இரண்டு நாள் புளிக்க வைத்து, அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். ஹைப்ரிட் பழத்தின் விதையில் இது கைகொடுக்காது. அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்து, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகக் காய்க்கும். அவற்றிலும் மணமுள்ள செடி ஒன்று தென்பட்டால், அதன் விதையைப் பல தலைமுறை தொடர்ந்து தேர்ந்து நிலைப்படுத்தலாம். அதற்குப் பொறுமையும் கொஞ்சம் இடமும் வேண்டும்.